ஒன்பதாவது பெயர்

பள்ளிக்கூடத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே தேர்தல் அதிகாரி அவரவர் வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு வந்து போட்ட ஓட்டுச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, அதிலிருந்த ஒன்பது பெயர்களையும் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்.

ஊராட்சியில் எட்டு இடங்களுக்கு யார் யார் என்பது தெரிந்துபோன விஷயம். ஒன்பதாவதுக்குத்தான் இழுபறி. ஒரு பக்கம் என் மாமனாரின் அண்ணன் மகன் ஷவ்கி. இன்னொரு பக்கம் விதாத், எங்கள் மலையூர் மருந்தகத்தின் நர்ஸ்.

ஜெயித்தால் மருந்தகத்தை மூடிவிட்டு அந்தக் கட்டடத்தை வாடகைக்கு விடப்போவதாக ஷவ்கி வெளிப்படையாகவே சொல்லியிருந்தான். விதாத் தேர்தலில் நின்றதே அதனால்தான்.

"எனக்காக நீ ஊர்வலமெல்லாம் வர வேணாம் ஹியாம். அவன் பேரை அடிச்சிட்டு என் பேரை எழுதிப் போடு, போதும்," என்றாள் நேற்று.

சரி என்று தலையாட்டினேன். பனி கொட்டிய ஒரு பிப்ரவரியில் எனக்குப் பிரசவம் பார்த்து என் மகளைப் பத்திரமாக எடுத்துக் கொடுத்தவள் அவள்.

ஆனால் எங்கள் வீட்டு ஓட்டு ஆறும் மாமனார் அபூ நதீமின் கையில். அவர் சொல்லச் சொல்ல ஆறு சீட்டையும் எழுதியது நான்தான். பெயர்கள் ஒன்றே, வரிசை மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. என் கணவருடையதில் ரொட்டிக்கடைக்காரர் முதலில். என்னுடையதில் பல் டாக்டர் முதலில், ஷவ்கி நான்காவது. படிக்கும்போது காது கொடுத்தாலே எது யார் சீட்டு என்று தெரிந்துவிடும். எங்கள் ஊரில் ரகசிய ஓட்டு என்பது திரைச்சீலை வரைக்கும்தான்.

காலையில் அந்தத் திரைக்குள் நின்று பேனாவைத் திறந்தேன். மாமனாரின் முகம் வந்து நின்றது. என் ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது என்று சொல்லிக்கொண்டு, சீட்டை அப்படியே மடித்துப் போட்டுவிட்டேன்.

இப்போது அதைப் படித்தார்கள். பல் டாக்டர் முதலில், ஷவ்கி நான்காவது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமனார் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டார்.

நல்ல மருமகள் என்று பேர் வாங்கியாயிற்று. வெட்கமாக இருந்தது.

கரும்பலகையில் கோடுகள் ஏறிக்கொண்டே போயின. விதாத் விடவில்லை. "ஊசி போட்டுப் போட்டே ஓட்டு வாங்கிட்டாளே பாவி!" என்று பக்கத்தில் ஒருத்தி சிரித்தாள்.

கடைசிச் சீட்டு. முதலில் கணக்கு வாத்தியார், அடுத்து கொத்தனார். இதுவும் நான் எழுதிய வரிசைதான். ஏழாவதாக ஷவ்கி வர வேண்டும். அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பெயர் அடிக்கப்பட்டிருக்கிறது என்றார். பிறகு அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்தார்.

விதாத்.

ஷவ்கி இருநூற்றுப் பதினான்கு. விதாத் இருநூற்றுப் பதிமூன்று. நான் ஒரு கோடு போட்டிருந்தால் இரண்டு எண்களும் இடம் மாறியிருக்கும்.

தெருவில் பட்டாசு வெடித்தது. விதாத் படியிறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எழுதினியே ஹியாம், அதுவே போதும்டி."

அந்தக் கடைசிச் சீட்டு என்னுடையது என்று நினைத்துவிட்டாள். கையை உருவிக்கொண்டேன். அவள் போய்விட்டாள்.

கடைசிச் சீட்டுக்குச் சொந்தக்காரர் தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாக வெளியே வந்தார். படி இறங்க என் தோளைப் பிடித்தார்.

"நம்ம வீட்டு ஓட்டெல்லாம் ஷவ்கிக்குத்தான்னு காட்டி அண்ணன் வாயை அடைக்கத்தான்மா வரிசையை மாத்தி எழுதச் சொன்னேன்," என்றார் மாமனார். "உன் சீட்டைப் படிச்சப்ப அவ்வளவு ஆசையா கேட்டேன். நீயாவது அவ பேரை எழுதியிருப்பேன்னு நெனச்சேன்."