யாருக்கும் தோன்றக்கூடியது

அந்தக் காட்டில் விளையாடும்போது மூங்கில் மட்டை உடைந்து சிலாம்பு பறப்பது சகஜம். அப்படிப் பறந்த ஒன்று, பந்து தடுக்க நின்ற முயலின் இடது கண்ணைக் கொண்டுபோனது.

அதைப் பார்த்த அணில், சிலந்தி நூலை வேலம்பிசினில் ஊறவைத்து மட்டையில் சுற்றிப் பார்த்தது. பிசின் வெடித்தது, நூல் நழுவியது. அணில் விடவில்லை. கடைசியில் உடையாத மட்டை ஒன்று வந்தது. அதற்குக் காப்புரிமையும் வாங்கியது.

மட்டை வியாபாரி கீரி அதை அப்படியே செய்து விற்றது. அணில் போட்ட வழக்கு நீதிபதி ஆமையிடம் போனது.

கீரி, முயலையே சாட்சிக்குக் கூப்பிட்டது.

“சிலந்தி நூல் உறுதின்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“பிசின் ஒட்டும்னு?”

“அதுவும் தெரியும்.”

“அவ்வளவுதாங்க ஐயா. தெரிஞ்ச ரெண்டைச் சேர்த்ததுக்கு எதுக்கு உரிமை?”

அணில் வாய் திறப்பதற்குள் ஆமை தீர்ப்புச் சொல்லிவிட்டது. “இது யாருக்கும் தோன்றக்கூடியதுதான். காப்புரிமை ரத்து.”

கீரி சிரித்துக்கொண்டே வெளியேறியது. முயல் மட்டும் சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கவில்லை.

“ஐயா, எங்கப்பாவுக்கும் இப்படித்தான் கண்ணு போச்சு. எனக்கும் போச்சு. அப்பல்லாம் ஏன் ஒருத்தருக்கும் தோணலை?”

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொல்லும் குரல் மட்டும் உள்ளேயிருந்து வந்தது.