பொருந்தாத ஒன்று

“புது விண்டோஸுக்கு மாத்துறதுல பிரயோசனம் இருக்கா தங்கச்சி?” என்று கேட்டுக்கொண்டே யோகராஜ் லெப்டொப்பை மேசைமேல் வைத்தார்.

உக்குவளை ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் இருந்தது சுரேகாவின் கம்ப்யூட்டர் திருத்தும் கடை. மதிய வெயிலில் வேறு யாரும் வந்திருக்கவில்லை.

லெப்டொப் அவர் மனைவி விதுஷாவுடையது. பிள்ளைகளுக்கு அதில்தான் ஒன்லைனில் பாடம் நடத்துகிறாளாம். பழைய விண்டோஸுக்கு இனிப் பாதுகாப்பு அப்டேட் வராது என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கு நிம்மதியே இல்லையாம்.

“கண்டவனும் உள்ள பூந்துட்டா என்ன செய்றது? அவளுக்கு இதப்பத்தி ஒண்ணும் தெரியாது.”

மனைவியின் பொருளுக்காக இவ்வளவு கவலைப்படுகிற புருஷன்மாரை சுரேகா அதிகம் கண்டதில்லை. அவர்மேல் ஒரு மரியாதை வந்தது.

சோதித்துப் பார்த்தாள். நல்ல மெஷின்தான். புதியது தாராளமாக ஓடும். தயங்காமல் மாற்றலாம் என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் திரையில் அந்த அறிவிப்பு வந்தது.

ஒரு புரோகிராம் மட்டும் புதியதில் வேலை செய்யாது. முதலில் அதை அழிக்க வேண்டும்.

அவள் கேள்விப்படாத பெயர். எதற்கும் பார்ப்போமென்று திறந்தாள்.

ஒரு பெண்ணின் படங்கள். மேசைமுன் அமர்ந்து தலை வாருகிறாள். ஃபோனில் யாருடனோ பேசுகிறாள். இன்னொன்றில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. ஒன்றில்கூட அவள் கேமராவைப் பார்க்கவில்லை.

மனிதர் உடைந்துபோவாரே என்று சுரேகா குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணே, யாரோ களவா ஒண்ணு போட்டிருக்காங்க. கேமரா வழியா ஒங்க வீட்டுக்காரிய பாத்துக்கிட்டே இருக்காங்க.”

யோகராஜ் திரையை எட்டிப் பார்க்கவில்லை. யார் என்றும் கேட்கவில்லை.

“புதுசு போட்டா அது ஓடாதா?”

“ஓடாதுண்ணே. இப்பவே மாத்திருவோம்.”

“அப்ப வேணாம் தங்கச்சி. பழசே இருக்கட்டும்.”

சொல்லிவிட்டு லெப்டொப்பை மூடக் கை நீட்டினார். சுரேகா மூடியைப் பிடித்துக்கொண்டாள். விடவேண்டும் என்றுதான் நினைத்தாள். விரல்கள் விடவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கடைக் கதவு திறந்தது. வெளியே நின்ற ஆட்டோவுக்குள் வெக்கை தாங்க முடியவில்லை என்று முகத்தைத் துடைத்தபடி ஒரு பெண் உள்ளே வந்தாள். படங்களில் இருந்த அதே முகம். இப்போது அதில் சிரிப்பு இருந்தது.

யோகராஜ் நகர்ந்து அவளருகே போய் நின்றார். அவள் தோளில் கை வைத்தார். சுரேகாவைப் பார்த்து, மெல்லத் தலையை இடம் வலமாக ஆட்டினார்.

விதுஷா ஒன்றையும் கவனிக்கவில்லை.

“என்னக்கா, மாத்துறது நல்லதா?”

சுரேகா திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

விதுஷா குனிந்து பார்த்தாள். சிரிப்பு மறைந்து வெகுநேரமாகியும் அவள் நிமிரவில்லை.

தோளிலிருந்த கையும் விலகவில்லை.