சரித்திரம் தீர்ந்த மிட்டாய்

சொர்ணவேல் மிட்டாய்த் தொழிற்சாலையில் அபாயச் சங்கு அலறியது. முதலாளி சொர்ணவேலும் அவர் தம்பி தவசிக்கனியும் ஓடி வந்தார்கள்.

"சரித்திரம் தீர்ந்துபோச்சு, முதலாளி!" என்றார் மேனேஜர் பாக்கியம்.

வாயில் போட்டதும் முதலாளி குடும்பத்தின் கதையைக் காதுக்குள் சொல்லும் மிட்டாய்தான் அங்கே தயாரானது. இருந்த கதையையெல்லாம் ஊர் சப்பி முடித்துவிட்டது. வீட்டில் புதிதாக ஏதாவது நடந்தால்தான் இயந்திரம் ஓடும்.

"சண்டை போடுங்க. அதுதான் நல்லா விக்குது" என்றார் பாக்கியம்.

அண்ணன் தம்பியின் சட்டையைப் பிடித்தார். "பாகப்பிரிவினை வேணும்!" என்று தம்பி கத்தினார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இயந்திரம் அசையவில்லை.

"பொய்யை அது ஏத்துக்காதுங்க. இன்னிக்கு ஓடலேன்னா கம்பெனியை மூட வேண்டியதுதான்."

தவசிக்கனி சிரிப்பை நிறுத்தினார். அவர் பேசத் தொடங்கியதுமே இயந்திரம் கடகடவென ஓடியது.

"அண்ணே, முதல் பாகு காய்ச்சினது நான். முப்பது வருஷமா டப்பா மேல படத்துல சிரிக்கிறது நீங்க."