மொட்டைமாடி வாடகை

"இந்த வருஷம் மாடிக்கு வராதே காசி. இடம் கிடையாது."

தீபத்தன்று விடிந்ததும் விடியாததுமாக, கோலப்பொடி டப்பாவும் கையுமாக நின்று உண்ணாமலை சொல்லிவிட்டாள். கசப்பான சமாசாரத்தைப் பல் தேய்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுவது அவள் வழக்கம்.

கீழே வாசலை ஒட்டிய ஒற்றை அறையில் குடியிருக்கும் காசியம்மாள், இடுப்பிலிருந்த குடத்தை இறக்கக்கூட இல்லை.

"இன்னாக்கா இப்படிச் சொல்றீங்க? வருஷா வருஷம் அங்கேருந்துதானே பார்க்கறேன்?"

"வருஷா வருஷம் வெள்ளைக்காரங்க மாடியை வாடகைக்குக் கேட்டு வந்தாங்களா? ஏஜென்ட் ஆதிமூலம் மொத்த மாடியையும் பேசிட்டான். போட்டோ எடுக்கணுமாம், குறுக்கே யாரும் வரக்கூடாதாம்."

"ஒரு மூலையில நின்னுக்கறேன்கா. தீபம் தெரிஞ்சதும் எறங்கிடறேன். நான் பார்த்துட்டேன்னு வந்து சொன்னாத்தான் அந்த மனுஷன் வாயில கஞ்சி எறங்கும். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். காசியம்மாளின் புருஷன் பலராமன் பக்கவாதத்தில் விழுந்து படுக்கையோடு கிடக்கிறான். தீபத்தன்று மட்டும் பிடிவாதம். மலையில் ஏற்றின தீபத்தைப் பார்க்கும்வரை ஊரில் பாதிப் பேர் பட்டினி, அவளும் பட்டினி, அவனும் பட்டினி. பெண்டாட்டியின் கண்தான் அவனுக்குக் கண்.

"தெருமுனைக்குப் போய்ப் பாரேன்."

"ஃபிட்ஸ் வர்ற மனுஷனைத் தனியா விட்டுட்டா? இந்தக் கூட்டத்துல பூந்தா எப்பத் திரும்பறது?"

"அப்ப பார்த்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. படுத்திருக்கிறவருக்கு என்ன தெரியப் போகுது?"

காசியம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். குடத்தோடு உள்ளே போய்விட்டாள்.

முன்பெல்லாம் இந்தத் தெருவில் எங்கே நின்றாலும் மலை தெரியும். ஆசிரமத்துக்கு வெள்ளைக்காரர்கள் வர ஆரம்பித்ததும் ஒருத்தர் மாடி எழுப்பினார். அவரைப் பார்த்து அடுத்தவர். உண்ணாமலையின் புருஷன் சக்கரவர்த்தி மட்டும் என்ன இளிச்சவாயரா? அஞ்சாறு வருஷத்துக்கு முன்பு அவரும் எழுப்பினார். எதிரே கண்ணாடி ஜன்னல் வைத்து லாட்ஜே வந்துவிட்டது. இப்போது தெருவில் காரமில்லாத குருமா கிடைக்கும், உருத்திராட்சம் கிடைக்கும். மலைதான் கிடைக்காது.

சாயங்காலம் உண்ணாமலை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வெறும் வயிற்றோடு மாடிப்படி ஏறினாள். மேல்படியில் ஆதிமூலம் கையை நீட்டி மறித்தான்.

"நீங்களே வந்தா எப்படிம்மா? மொத்த மாடியும்னுதானே பேச்சு?"

"டேய், இது என் மாடிடா!"

"நாளைக்கு உங்க மாடிம்மா. இன்னிக்கு அவங்களுது."

கைப்பிடிச் சுவர் நெடுக முக்காலி வைத்த கேமராக்கள். உண்ணாமலை தன் கான்வென்ட் இங்கிலீஷை எடுத்தாள். "எக்ஸ்க்யூஸ் மி, திஸ் இஸ் மை ஹவுஸ்!"

"பியூட்டிஃபுல் ஹவுஸ்!" என்று மனசாரச் சிரித்தாள் ஒரு வெள்ளைக்காரி. கூடவே, கொஞ்சம் தள்ளி நில்லு என்று கையைக் காட்டினாள்.

பசியும் ஆத்திரமும் தலைக்கேற உண்ணாமலை தடதடவென்று இறங்கி வாசலுக்கு வந்தாள். அங்கே காசியம்மாள் ஒரு கருங்கல்லின் மேல் ஏறி நின்றிருந்தாள். மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர் லாட்ஜைப் பார்த்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பியிருந்தாள்.

உண்ணாமலைக்குக் கொட்ட ஓர் இடம் வேண்டியிருந்தது.

"நல்லாருக்குடி! மலையை விட்டுட்டு லாட்ஜைக் கும்பிடறியா? வெள்ளைக்காரன் ஜன்னல்லேருந்து ஏதாவது போடுவான்னா? மானம்னு ஒண்ணு இல்ல உனக்கு?"

அதே நேரம் வேட்டுச் சத்தம் கேட்டது. ஊர் முழுக்க 'அரோகரா' என்று எழுந்த குரலில் உண்ணாமலையின் வசவு அமுங்கிப்போனது. அவள் மலைப்பக்கம் திரும்பினாள். அவள் வீட்டுச் சுவர்தான் நின்றது.

"திட்டறதை அப்புறம் திட்டுங்கக்கா. இப்பத் தெரிஞ்சுடும், சீக்கிரம் வாங்க!" காசியம்மாள் கல்லிலிருந்து குதித்தாள். உண்ணாமலையின் கையைப் பிடித்து இழுத்துக் கல்மேல் ஏற்றினாள். "இதுல ஒரு ஆளுதான் நிக்கலாம். அந்த மேல் ஜன்னல் கண்ணாடியப் பாருங்க. மத்தியானமெல்லாம் தேடி இந்த எடத்தைக் கண்டுபிடிச்சேன். இங்கேருந்துதான் மலை உச்சி அதுல தெரியுது."

உண்ணாமலை பார்த்தாள். தூசி படிந்த கண்ணாடிக்குள்ளே, கருத்த மலை. அதன் உச்சியில் குங்குமப் பொட்டளவு நெருப்பு.

"தெரியுதாக்கா?"

"தெரியுதுடி... தெரியுது." கை தானாகக் குவிந்தது.

சட்டென்று அந்த அறைக்குள் யாரோ லைட்டைப் போட்டார்கள். கண்ணாடியில் மலையும் இல்லை, தீபமும் இல்லை. உள்ளே ஒரு கட்டில் தெரிந்தது, கொடியில் ஒரு துண்டு தெரிந்தது.

உண்ணாமலை மெதுவாகக் கல்லைவிட்டு இறங்கினாள்.

"காசி, நீ பார்த்தியாடி?"

"கஞ்சி ஆறிடும்கா" என்று சொல்லிக்கொண்டே காசியம்மாள் உள்ளே போய்விட்டாள்.

திறந்திருந்த கதவு வழியாகப் பலராமனின் குழறல் கேட்டது. "பா... பார்த்தியா?"

"பார்த்தேன்யா. நல்லாப் பெருசா, ஜெகஜோதியாத் தெரிஞ்சுது. வாயைத் தொற."

ஒவ்வொரு கரண்டியாக ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு மிச்சக் கஞ்சியை மூடி வைத்துவிட்டு, சுவரோரம் போய் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள்.

அடுப்பு மேடையில் அவள் தட்டு கவிழ்த்தது கவிழ்த்தபடியே இருந்தது.