சந்தியாவின் பழைய போன்

"உங்க பழைய போன் எங்கக்கா? அத மட்டும் சொல்லுங்க."

ஹஸ்னா வாசற்படியிலேயே நின்று கேட்டாள். மீன் ஆய்ந்துகொண்டிருந்த சந்தியா நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். இத்தனை வருஷத்தில் ஹஸ்னா அவளிடம் குரலை உயர்த்திப் பேசியதே இல்லை.

"அதுவா? வூட்டுக்காரரு உப்பளத்துக்கு எடுத்துட்டுப் போனாரு. பாத்தியில வுழுந்து உப்புத் தண்ணி பூந்துடுச்சு. தூக்கிப் போட்டாச்சு. ஏன் கேக்குற?"

"நல்லா கத வுடுறீங்க. அந்தப் போன் என் பொண்ணுகிட்ட இருக்குது."

சந்தியாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்தாள்.

ஹஸ்னாவின் மகள் அஃப்ரினுக்கு மூன்றாம் வகுப்புதான். ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தைத்த சட்டைகூட அவளுக்கு இறுக்கியது. திண்டிவனத்து டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "போனைக் கண்ணுல காட்டாதீங்க. நேரத்தோட தூங்க வைங்க. தினமும் ஓடியாடட்டும். இப்படியே விட்டீங்கன்னா இந்த வயசுலயே சர்க்கரை வந்துரும்மா."

அன்றைக்கே ஹஸ்னா தன் போனை பீரோவில் வைத்துப் பூட்டினாள். துபாயிலிருந்து கணவன் தவுசீப் கூப்பிடும் நேரத்துக்கு மட்டும் எடுப்பாள். கேபிள் கனெக்‌ஷனையும் நிறுத்திவிட்டாள். பாதியில் நின்றுபோன சீரியலை நினைத்தால் அவளுக்கு இன்னமும் ஆறாது.

என்ன பிரயோஜனம்? எடை ஏறிக்கொண்டேதான் போனது. காலையில் பிள்ளையை உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சிலேயே படுத்துத் தூங்கினாள். போதாக்குறைக்கு, ஹஸ்னாவின் சார்ஜர் அடிக்கடி அஃப்ரினின் கட்டிலடியில் கிடந்தது. போன் பீரோவில் இருக்கும்போது சார்ஜருக்கு அங்கே என்ன வேலை? பிள்ளை கையில் வேறு போன் இருக்கிறது. அவள் போய்வருகிற வீடோ சந்தியா வீடு ஒன்றுதான்.

"உன் பொண்ணையும் என் பூங்குழலியையும் தெனம் சாயங்காலம் உப்பளத்துக் கரையில ஓட வுடுறது யாரு?" சந்தியா வாசற்படிக்கே வந்து நின்றாள். "மூச்சு வாங்குதுன்னு அது ஒக்காந்தா, நானும் பக்கத்துல ஒக்காந்து, தட்டிக் குடுத்து மறுபடியும் ஓட வெக்கிறேன். நானா அதுக்குப் போன் குடுப்பேன்?"

"ஊருக்குத் தெரிய ஓட வெக்கிறீங்க. தெரியாம போனைக் குடுக்குறீங்க. உங்க பொண்ணு சிட்டாட்டம் இருக்குது. என் பொண்ணு எப்படிப் போனா உங்களுக்கு என்னா?"

சொன்ன பிறகுதான் ஹஸ்னாவுக்கே சுருக்கென்றது. ஆனால் கோபம் வந்துவிட்டால் அவளுக்கு நாக்கு நிற்காது.

"இனிமே இந்தப் படிய மிதிக்காத ஹஸ்னா." கதவு சாத்திக்கொண்டது.

மாலையில் தவுசீப் கூப்பிட்டபோது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவன் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அக்கம்பக்கத்த நம்பாதேன்னு அப்பவே சொன்னேனே, கேட்டியா? நான் இங்க வெயில்ல வேகுறேன். ஒரே ஒரு புள்ள, அத பாத்துக்கத் துப்பில்ல உனக்கு."

ஹஸ்னாவுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. போன லீவில் தவுசீப் வந்தபோது அஃப்ரின் அவன் மடிக்கே போகவில்லை. விமானம் ஏறும் வரை அதையே சொல்லிச் சொல்லி அழுதான், பாவம். போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து ஊருக்கு வந்த நண்பர் மீரான் பாய் கையில் பிள்ளைக்கென்று பெரிய கரடி பொம்மை கொடுத்தனுப்பினான். அதைக் கட்டிக்கொள்ளாமல் அவள் இப்போது படுப்பதே இல்லை.

போனை வைக்கும் முன் வழக்கம்போல் சொன்னான். "கரடிய தண்ணியில போட்றாத. சாயம் போயிடும்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பகல் சாப்பாடு ஆனதும் ஹஸ்னா கொஞ்சம் கண்ணயர்வது வழக்கம். அன்று படுத்தும் தூக்கம் வரவில்லை. விளையாடக் கூப்பிட பூங்குழலியும் வரவில்லை. கட்டிலில் கரடியோடு சுருண்டு கிடந்த மகளைப் பார்த்ததும் எரிச்சல் பொங்கியது.

"எழுந்து போ. தெருவுல புள்ளைங்க வெளயாடுது பாரு. கரடிய இங்க வெச்சுட்டுப் போ, நாத்தம் தாங்கல. தொவைக்கணும்."

"வேணாம்மா! அத்தா திட்டுவாரு!"

"நான் சொல்லிக்கிறேன். போ நீ."

அழுதுகொண்டே போனாள் பிள்ளை. பக்கெட்டில் சோப்புப் பொடியைக் கரைத்து, கரடியை இரண்டு கையாலும் தூக்கினாள் ஹஸ்னா. அதன் வயிற்றில் ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. முதுகில் ரோமத்துக்குள் மறைந்திருந்த ஜிப்பை இழுத்தாள். பஞ்சுக்கு நடுவே ஒரு போன்.

"யா அல்லா! பொம்மைக்குள்ளயே வெச்சுக் குடுத்திருக்காளே பாவி!"

மிதிக்காதே என்ற படியை மிதித்து ஏறி, கதவைத் தட்டு தட்டென்று தட்டினாள். சந்தியா திறந்ததும் முகத்துக்கு நேரே போனை நீட்டினாள்.

"இது என்னா? இப்ப என்னா சொல்லப் போறீங்க?"

"சத்தியமா இது என்னுது இல்ல ஹஸ்னா. நான் கண்ணால பாத்ததே இல்ல."

அந்த நேரம் பார்த்து ஹஸ்னாவின் கையிலேயே போன் அதிர்ந்தது. திரையில் பெயர் இல்லை, ஏதோ ஒரு நம்பர்தான்.

"யாருன்னு இப்பத் தெரிஞ்சிரும். நீங்களே கேளுங்க." ஸ்பீக்கரைப் போட்டு, இருவருக்கும் நடுவில் பிடித்தாள்.

தவுசீப்பின் குரல் ரகசியமாகக் கேட்டது.

"தங்கம்... அம்மா தூங்கிட்டாளா?"