அட்ஜஸ்ட் பண்ணிக்கும்

ஞானதுரையின் கம்ப்யூட்டருக்குள் எல்லோருக்கும் கரண்ட் பங்கிட்டுக் கொடுப்பது பவர் சப்ளைதான். ஒன்பது வருஷமாக அதே வேலை.

ஒரு நாள் புது கிராபிக்ஸ் கார்டு ஒன்று வந்து உட்கார்ந்தது. "அண்ணே, எனக்குப் பசி ஜாஸ்தி," என்றது.

"என்கிட்ட இருக்கிறதே இவ்வளவுதான். முதல்ல என்னை மாத்திட்டுல்ல உன்னைக் கூட்டிட்டு வந்திருக்கணும்?" என்று எரிந்து விழுந்தது பவர் சப்ளை.

"கடைக்காரரும் அதைத்தான் சொன்னார். இவர்தான், 'பழசு அட்ஜஸ்ட் பண்ணிக்கும்'னு சொல்லிட்டு, மிச்சக் காசுக்குக் கலர் லைட் எரியிற ஃபேன் மூணு வாங்கிட்டார்."

"ஃபேனா! அதுகளுக்கும் நான்தான் படியளக்கணுமா?"

அன்றைக்கே ஞானதுரை கேம் போட்டார். மூன்றாவது நிமிஷம் 'டப்' என்று ஒரு சத்தம். கருகல் வாடை. பவர் சப்ளை போய்விட்டது.

மறுநாள் ஞானதுரை வேறொன்றை வாங்கி வந்து மாட்டினார். உள்ளே கிடப்பது யார் கண்ணில் படப்போகிறது என்று, கடையிலேயே மலிவானதாகக் கேட்டு வாங்கியது. தூக்கினால் காலி டப்பா மாதிரி இருந்தது.

"தம்பி, நீ எவ்வளவு தாங்குவே?" என்று கிராபிக்ஸ் கார்டு பயந்துகொண்டே கேட்டது.

"தெரியலைங்க. அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொன்னாங்க."