பம்ப் அடிக்கும் தண்டனை

"இந்த மனுஷனை இன்னிக்கு விடறதா இல்லை!"

பி.டி. சார் மேல் எழுதிய புகார்க் கடிதத்தை மடித்துக்கொண்டு, கவுன்சிலிங் டீச்சர் மைதானத்துக்கு விறுவிறுவென்று நடந்தார்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. போன வாரம் பத்தாம் வகுப்புக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்திருந்தார்.

'கவலை வந்தால் யாரிடம் சொல்வாய்?'

பெண்பிள்ளைகள் ஆளுக்கு நாலு பேரை எழுதியிருந்தார்கள். அம்மா, அக்கா, தோழி, பக்கத்து வீட்டு அத்தை. இடம் போதாமல் ஓரத்தில் வேறு எழுதியிருந்தார்கள்.

பையன்கள்? சொல்லி வைத்தாற்போல், 'எனக்குக் கவலையே வராது.'

டீச்சரின் அறைப் பக்கம் ஒரு பையனும் தலைவைத்துப் படுத்ததில்லை. அதிலும் அந்த நெட்டையன்! வகுப்பையே சிரிக்க வைத்தவன், ஒரு மாதமாக வாயே திறக்கவில்லை.

அவன் பெயர் கடைசியில் எங்கே கிடைத்தது? பி.டி. சாரின் தண்டனை நோட்டில். தினமும்! பள்ளி விட்டதும் விளையாட்டுச் சாமான் அறையில் பந்துகளுக்குக் காற்றடிக்க வேண்டுமாம்.

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதா?

அறைக்கதவு பாதி திறந்திருந்தது. தட்டப் போன கை அப்படியே நின்றது.

"அப்பா வீட்டை விட்டுப் போய் ஒரு மாசம் ஆச்சு சார்." பம்ப் சத்தத்துக்கு நடுவே நெட்டையனின் குரல். "நான் அழுதா அம்மா உடைஞ்சு போயிடுவாங்க. அதான் வீட்ல சிரிச்சுக்கிட்டே..."

குரல் உடைந்தது.

பி.டி. சார் திரும்பவே இல்லை. முதுகைக் காட்டியபடி, கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"ம். நல்லா குனிஞ்சு அடிடா. யாரும் பாக்கலை."

சற்று நேரத்தில் நெட்டையன் முகத்தைச் சட்டைக் கையில் துடைத்தபடி வெளியே வந்தான். டீச்சரைப் பார்த்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"கொடுமை டீச்சர்! முதுகே போச்சு. நாளைக்கும் உண்டாம்!"

சொல்லிவிட்டுச் சிரித்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தப் பழைய சிரிப்பு.

டீச்சர் உள்ளே போனார். "அப்படி என்ன தப்பு சார் பண்ணினான்?"

"ஒண்ணுமே பண்ணலை. உங்க ரூமுக்குப் போடான்னா, கூட இருக்கறவங்க கேலி பண்ணுவாங்களாம். தண்டனைன்னா மட்டும் நெஞ்சை நிமித்திக்கிட்டு வர்றானுங்க. நம்ம பசங்க வளந்த லட்சணம் அப்படி."

டீச்சர் அறையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் பந்துகள் எல்லாம் கும்மென்று நிறைந்திருந்தன.

"எல்லாத்துக்கும் காத்து அடிச்சாச்சே சார். நாளைக்கு அவனுக்கு என்ன வேலை குடுப்பீங்க?"

பி.டி. சார் அசடு வழியச் சிரித்தார். ஒரு பந்தை மடியில் வைத்து ஊசியைச் செருகினார். புஸ்ஸென்று காற்று இறங்கியது.

டீச்சர் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னொரு ஊசி இருக்கா சார்?"